மாதா கோயில் எதிரில்

எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். வெட்கம் வந்தால் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு, தலைக்கு மேல் வேலை கிடப்பதுபோல் எதையாவது செய்துகொண்டிருப்பேன். அப்படி நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பெரிய ரோட்டில் இருக்கும் ஒரு பேரூராட்சியில் நான் வார்டு உறுப்பினர். ஊர் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு அது. எங்கள் மன்றத்தில் சில பெண் உறுப்பினர்களுக்கு வீட்டுக்காரர்தான் நிஜக் கவுன்சிலர். அந்த அம்மா கையெழுத்துப் போடுவார், இவர் வெளியே நின்று கான்ட்ராக்டரிடம் பேசுவார். என் வீட்டுக்காரரை நான் பேரூராட்சி ஆபீஸ் படி ஏற விட்டதில்லை. "வண்டியில கொண்டாந்து வுட்டுட்டு அப்படியே கெளம்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். ஊரில் என்னைப் பற்றி "அந்தம்மாவே படிச்சு, அந்தம்மாவே எழுதி, அந்தம்மாவே பேசும்" என்று சொல்வார்கள். அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிடித்தம்தான் இத்தனைக்கும் காரணம் என்று இப்போது தெரிகிறது.

கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் இருபது வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கத்தில் டைப் அடிக்கும் கடை வைத்திருந்தேன். கடை இன்னும் இருக்கிறது, இப்போது பெரும்பாலும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். மனை, நிலம் விற்கிற பத்திரங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பத்திரத்தில் நான்கெல்லை என்று ஒன்று வரும். இந்த மனைக்கு வடக்கே யார் வீடு, கிழக்கே எந்த ரோடு, தெற்கே எந்த வாய்க்கால் என்று நாலு பக்கமும் எழுதுவது. அதில் ஒரு திசை மாறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டு வாசலில் நிற்கும். என் கடையில் அடித்த பத்திரத்தில் திசை தப்பாது என்று பேர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதற்காகத்தான் இந்தப் பேரை இங்கே எழுதுகிறேன்.

மாதா கோயிலும் அதற்குப் பின்னால் இருக்கிற மூன்று தெருக்களும் என் வார்டு. கோயில் ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது. கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு பெண், இருபத்துநாலு வயது இருக்கும். டி.பார்ம் முடித்துவிட்டு அண்ணாமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு முடியும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். டாக்டர் கிறுக்கியிருப்பதை ஒரே பார்வையில் படித்துவிடுகிறாள் என்று கடைக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அப்பா அம்மா இல்லை. அண்ணன்தான் வளர்த்துப் படிக்க வைத்தான். அவனுக்குக் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை.

போவதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. பகல் நேரம், ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று எந்தப் பஸ்ஸிலும் ஏறிவிடுவாள். திரும்பி வருவதுதான் பாடு. சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ் கூட்டுரோட்டில் மட்டும்தான் நிற்கும். ஸ்டாப்பை ஒட்டி ஒயின்ஷாப். அங்கிருந்து மாதா கோயில் வரைக்கும் ரோட்டோரமாகவே இருட்டில் நடக்க வேண்டும். விசிலடிப்பது, பாட்டுப் பாடுவது, பைக்கை உருட்டிக்கொண்டே கூட வருவது எல்லாம் உண்டு. துணிக்கடைக்கும் இறால் கம்பெனிக்கும் போகிற பெண்கள் ஆறு மணி பஸ்ஸில் கும்பலாக வந்துவிடுவார்கள். ஏழே முக்காலுக்கு வருகிற பஸ்ஸில் பல நாள் இவள் ஒருத்திதான் இறங்குவாள்.

அண்ணன் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டான். "பஸ்ஸு கோயில்கிட்ட நின்னா வேலைக்குப் போ. இல்லன்னா வுட்டுடு. என் ஷிப்டு முடியவே ஒம்போது ஆவுது. தெனம் ஒன்னக் கூட்டியார நான் எங்க போறது?" அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவள் மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டாள்.

கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "எங்க ஊர் பெண்களுக்கு சாயங்காலம் கூட்டுரோட்டில் இறங்க பயமாக உள்ளது. சிதம்பரத்தில் இருந்து வரும் பஸ் மாதா கோயில் வாசலிலேயே, எங்க பக்கமே நிக்கணும். அங்கே ஒரு நிழற்குடையும் லைட்டும் வேண்டும்." அவ்வளவுதான் மனு.

நான் சிரித்துவிட்டேன். "எங்க பக்கமேன்னு மனுவுல எழுதுவாங்களாடி? கவர்மெண்டுக்கு உன் பக்கம் எது, என் பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்?"

அவளும் சிரித்தாள். "அதாங்க்கா உங்ககிட்ட கொண்டாந்தேன். நல்ல தமிழ்ல போட்டுக் குடுங்க."

நல்ல தமிழில் போட்டுக் கொடுத்தேன். "மேற்படி பகுதிவாழ் மகளிரின் பாதுகாப்பினை முன்னிட்டு, மாதா கோயில் எதிரில் மின்விளக்கு மற்றும் கண்காணிப்புக் கேமராவுடன் கூடிய பயணியர் நிழற்குடை அமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." கேமரா என் யோசனை. "வாசலில்" என்பது எனக்கு வீட்டுப் பேச்சுபோல் பட்டது, "எதிரில்" என்று மாற்றினேன். "எங்க பக்கமே" என்பதை அடித்தேன். சிதம்பரத்திலிருந்து வரும் பஸ் என்பதும் எப்படியோ போய்விட்டது. அவள் எழுதியதில் வேலைக்கு ஆகிற வார்த்தைகள் எவையோ அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே போட்டேன்.

எதிரில் என்றால் நம் பேச்சில் இரண்டு அர்த்தம். "என் எதிர்ல வந்து நில்லு" என்றால் முன்னால் வந்து நிற்க வேண்டும். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல டீக்கடை" என்றால் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். கோயிலுக்கு முன்னால் என்று நினைத்துத்தான் நான் எழுதினேன். ஒரு பத்திரத்தில் யாராவது "எதிரில்" என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால், "எந்தப் பக்கம்யா, கிழக்கா மேற்கா?" என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். என்னை யார் கேட்பது?

நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. கவுன்சிலர் அக்கா அடித்தது, அதில் என்ன தப்பு இருக்கப் போகிறது என்ற நம்பிக்கை. அவளும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள்.

எங்கள் மன்றக் கூட்டத்தில் பொருள்களை எழுத்தர் வாசிப்பார். முதல் இரண்டு பொருளுக்குப் பெரிய சண்டை நடக்கும், யார் தெருவில் குடிநீர்க் குழாய், யார் தெருவில் சிமெண்ட் ரோடு என்று. பிறகு டீயும் போண்டாவும் வரும். போண்டா வந்த பிறகு வருகிற பொருளுக்கெல்லாம் ஒரே குரல்தான், "ஆல் பாஸ்." எழுத்தர் பாதி வாசிப்பதற்குள் ஆல் பாஸ் ஆகி, மேஜையைத் தட்டிவிடுவார்கள். என் நிழற்குடை போண்டாவுக்குப் பிறகு வந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் வாயில் போண்டாவோடு மேஜையைத் தட்டினேன். செயல் அலுவலர் கூட்டம் முடிந்ததும் "மனுன்னா இப்படி இருக்கணும் மேடம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று நாலு மாதம் கழித்து, ஒருநாள் காலையில் கோயில் பக்கம் போனேன். ரோட்டுக்குக் கிழக்கே, கோயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம், குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழிக்கு கான்கிரீட் போட்டாகிவிட்டது. சிதம்பரத்துக்குப் போகிற பஸ் நிற்கிற பக்கம் அது. அதாவது, பட்டப்பகலில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு லைட்டும் கேமராவும்.

ஓவர்சீயர் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், இந்தப் பக்கம் தோண்டுறீங்க?" என்றேன், குரலை அதட்டலாகவே வைத்துக்கொண்டு.

அவர் பயப்படவில்லை. பைலைப் பிரித்துக் காட்டினார். "மாதா கோயில் எதிரில்னுதான மேடம் தீர்மானம்? கோயில் அந்தப் பக்கம் இருக்குது. எதிரில்னா இந்தப் பக்கம்தான? உங்க மனு, உங்க வார்த்தைதான்."

அந்த நிமிஷம் நான் "நிறுத்துங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வழியும் இருந்தது. திருத்தத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் எழுதிய சொல்லில் பிழை, கோயில் பக்கமே கட்ட வேண்டும்" என்று கேட்டிருக்கலாம். இரண்டு குழியை மூடுவதால் ஊர் முழுகிவிடாது. ஆனால் எங்கள் மன்றத்தில் என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற உறுப்பினர் ஒருவர் உண்டு. என்னைப் பின்னால் "டைப்பு" என்றுதான் சொல்வார். அவர் எழுந்து, "டைப்பு அம்மாவே தப்பா டைப் அடிச்சிடுச்சா?" என்று கேட்டு, எல்லோரும் சிரிப்பது என் காதில் அப்போதே கேட்டது.

ஓவர்சீயர் காத்துக்கொண்டிருந்தார். "சரி, நடக்கட்டும்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். "எதிரில்" என்று அடித்தது கவனக்குறைவு, மண்டைக்கனம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். "நடக்கட்டும்" என்றது அப்படி இல்லை. எல்லாம் தெரிந்து சொன்னது.

அன்றைக்கே அந்தப் பெண் வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். "அக்கா, அந்தப் பக்கமால்ல தோண்டுறாங்க?"

நான் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மனுவுல இருந்தபடிதாம்மா செய்யறாங்க" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்காக அந்த வாக்கியத்தை அவள் வருவதற்கு முன்னாலேயே தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பாருங்கள்.

"ஓ" என்றாள். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். மேலே எதுவும் கேட்காமல் போனாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஆளில்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார். "நாலெல்லை எழுதுறவ, நீ எப்படி எதிர்லன்னு போட்ட?" அவர் கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. கல்வெட்டில் என் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது. கோயில் தெருப் பெண்கள் ரோட்டைத் தாண்டி வந்து கை தட்டினார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார். அந்தப் பெண் அன்று லீவு போட்டுவிட்டு வந்து எல்லோருக்கும் கேசரி எடுத்துக் கொடுத்தாள். போட்டோவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக, டிப்போவுக்குப் போனேன். சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ் சாயங்காலம் மட்டுமாவது கோயில் வாசலில் நிற்கட்டும் என்று கேட்டேன். "நிழற்குடை எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம்தாம்மா ஸ்டாப்பு. இந்தப் பக்கம் வெளிச்சமும் இல்ல, எடமும் இல்ல, ஏதாச்சும் ஆச்சுன்னா டிரைவர் தலைமேலதான் வரும்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கண்டக்டர்களில் ஒரு பெரியவர் மட்டும், அவர் டூட்டியாக இருந்தால், கோயில் வாசலில் விசில் கொடுத்து இறக்கிவிடுவார். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ.

அண்ணன் உடனே வேலையை நிறுத்தச் சொல்லிவிடவில்லை. எதிர்ப்பக்கத்து லைட் வெளிச்சம் கொஞ்சம் இந்தப் பக்கமும் விழுகிறது என்று அவள் அவனைச் சமாதானப்படுத்தியிருந்தாள். ஏழே முக்கால் பஸ் போகும்போது நானும் சில நாள் பார்த்திருக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிழற்குடையில் ஒரு ஈ காக்கா இருக்காது. லைட் பளீரென்று எரியும். கேமரா காலி பெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகவேகமாக நடந்து வருவாள். நான் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவேன். "நல்லவேளை அக்கா வந்தீங்க" என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் கூசும்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு சாயங்காலம், நான் அந்தப் பக்கம் போகவில்லை. கூட்டுரோட்டில் இறங்கி அவள் நடந்து வரும்போது பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பையை அவள் விடவில்லை. கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். தாடையில் நாலு தையல், முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. இன்னும் என்னென்னவோ நடந்திருக்கலாம், நடக்கவில்லை என்று ஊரில் எல்லோரும் அவளிடமே சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். போலீஸ் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தது. பெஞ்சு நன்றாகத் தெரிந்தது.

அத்தோடு அண்ணன் வேலையை நிறுத்திவிட்டான். மருந்துக்கடைக்காரர் ஒரு மாதம் இடத்தை வைத்திருந்து பார்த்துவிட்டு, வேறு ஆள் போட்டுக்கொண்டார்.

அவள் அடிபட்ட பிறகுதான், அந்த வாரமே, எனக்குச் சூடு பிறந்தது. கோயில் பக்கமே ஒரு நிழற்குடை வேண்டும் என்று புது மனு எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை "சாலைக்கு மேற்கு, மாதா கோயில் மதில்சுவருக்குக் கிழக்கு, சிதம்பரத்திலிருந்து கடலூர் செல்லும் பேருந்துகள் நின்று செல்லும் வகையில்" என்று நான்கெல்லையும் போட்டேன். கையெழுத்து வாங்கக் கோயில் தெருவுக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். அவளும் தாடையில் பிளாஸ்திரியோடு வந்து நின்றாள்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஒரு அம்மா, நல்ல வாய் அந்த அம்மாவுக்கு, சொன்னார்: "அக்கா, இந்தத் தபா நீங்களே எழுதுனீங்களா? இவள எழுத வுட்டா மறுக்கா அந்தப் பக்கம் கொண்டுபோயிடுவா. படிச்ச புள்ளன்னு பேரு, எந்தப் பக்கம்னு எழுதத் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், தையல் இழுக்காமல் இருக்கத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு. "ஆமாங்க்கா, இந்தத் தபா நீங்களே பாத்துக்குங்க" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அன்றைக்குக் கடையில் "மனுவுல இருந்தபடிதான்" என்று நான் சொன்னதை அவள் தன் மனு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் அடித்ததை அவள் படித்துப் பார்க்கவில்லை, தன் வார்த்தைகளைத்தான் நான் நல்ல தமிழில் போட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். தான் ஒழுங்காக எழுதாததால்தான் நிழற்குடை அந்தப் பக்கம் போனது என்று தெருவில் அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தெரு முழுக்க அதை நம்பியிருக்கிறது.

அந்த வேப்பமரத்தடியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. சிரித்துவிட்டு, கையெழுத்துத் தாள்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னால் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, முதல் தீர்மானத்தில் பிழையான சொல் என்னுடையது என்று சொன்னேன். அந்த உறுப்பினர் நான் பயந்தபடியே "டைப்பு" என்று ஏதோ சொன்னார். ஐந்தாறு பேர் சிரித்தார்கள். பிறகு எழுத்தர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் "நடக்கட்டும்" என்றிருந்தேன். இப்போது கோயில் பக்கமும் நிழற்குடை இருக்கிறது, லைட் எரிகிறது, சாயங்கால பஸ்களெல்லாம் அங்கே நிற்கின்றன. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் பெண்கள் பேசிக்கொண்டே இறங்கிப் போகிறார்கள். யாருக்காக அது கேட்கப்பட்டதோ அவள் மட்டும் அதில் இறங்கியதில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அவளிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில் சிரித்ததற்கு மறுநாள், வீட்டில் அவள் தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ எழுதியது சரியாக இருந்தது, நான்தான் மாற்றினேன், தோண்டும்போதே எனக்குத் தெரியும், தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள். பிறகு கேட்டாள். "அண்ணன்கிட்ட வந்து இத சொல்றீங்களாக்கா? அண்ணன் என்கிட்ட சரியாப் பேசி ரொம்ப நாளாவுது. நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரியல, இவளுக்கு வேலை ஒரு கேடுன்னு சொல்லிச்சு. அடிபட்டு வந்த அன்னைக்கும் அதத்தான் சொல்லிச்சு."

"வர்றேம்மா. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வேண்டுமென்றே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை எடுத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உட்காராமலேயே ஆரம்பித்தேன். அவளிடம் சொன்ன எல்லாவற்றையும் அவனிடமும் சொன்னேன். உன் தங்கை மேல் ஒரு தப்பும் இல்லை, முழுக்க என் தப்பு, என்னால்தான் அவளுக்கு வேலை போச்சு, அடிபட்டதும் என்னால்தான் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவன் பதறிப்போனான். "ஐயோ, என்னாக்கா நீங்க! இதுக்குப் போயி கண் கலங்குறீங்க? எழுதறப்ப ஒரு வார்த்த மாறிப்போறதுதான். மனுசங்களுக்கு வர்றதுதானக்கா? உங்களுக்கு எத்தன வேலை, எத்தன பேரு மனு. எங்களுக்காக அலைஞ்சதே நீங்க ஒருத்தங்கதான். வுடுங்கக்கா, மனசுல வச்சுக்காதீங்க." திரும்பி அவளிடம், "அக்காவுக்குக் காபி போடும்மா" என்றான்.

அவள் நிலையை விட்டு நகரவில்லை.

"இத்தன மாசமா, மனுசங்களுக்கு வர்றதுதான்னு என்கிட்ட ஒரு தடவகூட சொல்லலியே அண்ணே?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். ஃபேன் என் மேலேயே காற்றை அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம், அடுப்புப் பற்ற வைக்கிற சத்தம் எல்லாம் கேட்டது. காபி கொண்டுவந்து எனக்கு எதிரில் ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று எழுந்து வர எனக்குத் தைரியம் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வந்தேன்.